மருவுக்குப் பின் ஒரு புள்ளி

"கதவைப் புடிங்க... கதவைப் புடிங்க!"

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு தள்ளுவண்டி. வண்டியின் மேல் ஓர் அலுமினிய கேன். கேனின் வாயிலிருந்து வெள்ளைப் புகை வழிந்து, வண்டியின் விளிம்பில் கொஞ்சம் தயங்கி, தரையில் குதித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்காரர் ஓடினார். வலது கை தலைக்கு மேலே தூக்கியிருந்தது. அதில் ஆள்காட்டி விரல் மட்டும் செங்குத்தாக நின்றது. வழியில் இருந்தவர்கள் ஏதோ தீர்ப்புச் சொல்லப் போகிறார் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள்.

கதவு இடுக்கில் செருப்பை நுழைத்தார். கதவு திறந்தது. செருப்புக்குப் பின்னாலேயே அவரும் உள்ளே போய் விழுந்தார்.

வண்டியைத் தள்ளி வந்த ஊழியருக்கு அந்த ஆஸ்பத்திரியில் 'புகை' என்று பெயர். கேன் போகும் இடமெல்லாம் அவர் போவார், அவர் போகும் இடமெல்லாம் புகை போகும். சம்பளப் பட்டியலில்கூட அப்படித்தான் இருக்கிறது என்று பேச்சு.

"அண்ணே, இதை எங்க கொண்டு போறீங்க? இது எனக்குண்ணே!"

"உங்களுக்கு இருந்துச்சு. இப்ப இது சாட்சி."

"சாட்சியா?"

"மேல விசாரணைக் கமிட்டி உக்காந்திருக்கு. கேனையும் கொண்டாரச் சொல்லிட்டாங்க."

"அதுக்குள்ள ஆவியாயிடுமே!"

"ஆகும்தான். யார் சொன்னாலும் நிக்காது. இந்த ஆஸ்பத்திரில நேரத்துக்குக் கெளம்பறது இது ஒண்ணுதான்."

லிஃப்ட் ஏறியது. புகையும் ஏறியது. கண்ணாடிக்காரர் இடது கையால் கேனின் வாயைப் பொத்தப் போனார். புகை அவர் கையைத் தட்டிவிட்டார்.

"கை போயிடும்!"

"கை போனாலும் பரவால்லண்ணே. விரல்தான் வேணும்."

கண்ணாடிக்காரர் என்றால் சொந்தமாகக் கடை வைத்திருப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். மூக்குக் கண்ணாடிக் கடையில் மாட்டிவிடும் வேலை. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காருவார். இவர் ஃபிரேமை இரண்டு கையாலும் பிடித்து, காதுகளுக்குப் பின்னால் செருகி, மூக்கின்மேல் அமர்த்தி, திருகாணியை ஒரு முறுக்கு முறுக்கி, "இப்பப் பாருங்க சார்" என்பார். சார் பார்ப்பார். கொஞ்ச காலமாக சார்கள் முதலில் பார்த்தது கண்ணாடியை அல்ல. தங்கள் கண்ணை நோக்கி வரும் ஓர் ஆள்காட்டி விரலை. அதன் நுனியில் காலிஃபிளவர் மாதிரி பூத்து உட்கார்ந்திருந்த மருவை.

போன வாரம் ஓர் அம்மா பயந்து பின்னால் சாய்ந்ததில் ஒரு ஷோகேஸே சரிந்தது.

முதலாளி அதிகம் பேசவில்லை. "நாளைக்குக் காலைல கடை தொறக்கறப்ப, வைத்தியம் பார்த்த விரலை எனக்குக் காட்டணும். இல்லேன்னா உன் ஸ்டூல்ல என் மச்சான் உக்காருவான்."

மச்சான் அப்போதே உட்கார்ந்தாயிற்று. ஃபிரேம்களை மாற்றி மாற்றி மாட்டி, எது தன் முகத்துக்கு எடுப்பு என்று நிலைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனவே இன்று காலை கண்ணாடிக்காரர் ஆஸ்பத்திரியில். தோல் பிரிவில் மருவை உறைய வைத்து எடுப்பது வாரத்தில் ஒரு நாள். அன்றைக்குத்தான் திரவ நைட்ரஜன் வரும். அது தீர்ந்தால் அடுத்த வாரம்.

டாக்டரம்மாவின் அறை விசித்திரமாகக் காலியாக இருந்தது. மேசையில் ஒரு ஃபிளாஸ்க். காலடியில் ஒரு பை. சுவரில் காலண்டர் இல்லாத ஆணி. டாக்டரம்மா விரலை வெந்நீரில் ஊற வைத்து, மருவின் மேல்தோலைச் சீவினார். சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது.

"விரலைத் தூக்கியே வெச்சிருங்க. ரத்தம் நிக்கட்டும். இந்தச் சீட்டுல ஆபீஸ் முத்திரை வாங்கிட்டு வந்துடுங்க."

"முத்திரை இல்லாமப் பண்ணிட முடியாதாம்மா?"

"பண்ணலாம். மரு போயிடும். ஆனா கணக்குல போகலைன்னு அர்த்தம்."

சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: *மரு. நீக்கவும். அவசரம்.* கண்ணாடிக்காரர் கடைசி வார்த்தையை மட்டும் படித்துவிட்டு ஓடினார்.

ஆபீஸில் முத்திரை மொழி அலுவலரிடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் 'டாக்டர்' என்ற அந்நியச் சொல்லை வேரோடு பிடுங்கிய பெருமை அவருக்கு உண்டு. அவர் போட்ட சுற்றறிக்கையின்படி டாக்டர் இனி மருத்துவர். சுருக்கமாக, 'மரு' எழுதி ஒரு புள்ளி. ஒவ்வொரு கதவிலும் பலகை மாறியது: மரு. இன்னார். மரு. அன்னார். தோல் பிரிவுக்கு வரும் நோயாளிகள் பலகையைப் பார்த்து, 'பாவம், இவருக்கும் இருக்குபோல' என்று ஆறுதல் அடைந்தார்கள்.

மொழி அலுவலரின் மூக்குக் கண்ணாடி மூக்கின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கால் லூசு. அவர் சீட்டுகளைப் பார்க்கவேயில்லை. கை நீண்டது, முத்திரை விழுந்தது, அடுத்தவர். வரிசை ஜோராக நகர்ந்தது.

கண்ணாடிக்காரருக்கு அந்தத் தொங்கல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நமக்கு நடுவகிடு கோணலான தலையைப் பார்த்தால் வருமே, அந்த மாதிரி ஒரு நமைச்சல். தவிரவும், ஒரு உதவி செய்தால் காரியம் சட்டென்று முடியும் என்று ஒரு கணக்கு.

"சார், ஒரு நிமிஷம் கழட்டிக் குடுங்க."

சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஒரு முறுக்கு. காலை லேசாக வளைத்தார். மருவை உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டு மாட்டிவிட்டார்.

"இப்பப் பாருங்க சார்."

மொழி அலுவலர் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார். தூக்கிய முத்திரை அந்தரத்தில் நின்றது.

"யாரை நீக்கணும்?"

"யாரையும் இல்லீங்க. மருவை."

"அதான் கேக்கறேன். எந்த மரு?"

"வலது கை சார்."

மொழி அலுவலர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கியது. "கண்காணிப்பாளரோட வலது கையா?"

"என்னோட வலது கை சார்."

"உங்களுக்கு வேண்டப்பட்டவங்களா? அப்படியிருந்தும் புகாரா? எவ்வளவு காலமா தொந்தரவு?"

"ரொம்ப நாளா சார். மொதல்ல சின்னதாத்தான் இருந்துச்சு. ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். வேர் விட்டுடுச்சு."

"எல்லாரும் அப்படித்தான் வேர் விடறாங்க" என்று பெருமூச்சு விட்டார் அலுவலர்.

"பக்கத்துலயே இன்னொண்ணு மொளைக்கிற மாதிரி இருக்கு."

"உதவி மரு.வா?" பேனா வேகமாக ஓடியது.

"வீட்டுலயே சுட்டுடலாமான்னுகூட நெனச்சேன் சார். பொண்டாட்டிதான் வேணாம்னா."

பேனா நின்றது. "ஐயா, நிதானம். சட்டம்னு ஒண்ணு இருக்கு."

"அதான் சார் இங்க வந்தேன். உறைய வெச்சு, அப்புறம் எடுத்துடலாம்னு சொன்னாங்க."

"முதலில் பணி முடக்கம், பின்னர் நீக்கம்" என்று முணுமுணுத்தபடியே எழுதி முடித்து, சீட்டின் தலையில் 'தோல் பிரிவு' என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு, மொழி அலுவலர் தொலைபேசியை எடுத்தார். கண்ணாடிக்காரர் கும்பிட்டுவிட்டு, காரியம் முடிந்தது என்று கீழே ஓடி வந்தார். டாக்டரம்மாவின் அறை பூட்டியிருந்தது. நடைபாதையின் கோடியில் வெள்ளைப் புகை போய்க்கொண்டிருந்தது.

கமிட்டி அறையில் மூன்று பேர். நடுவில் கண்காணிப்பாளர். ஒரு பக்கம் மொழி அலுவலர். இன்னொரு பக்கம் கட்டடப் பொறியாளர். அவர் ஆஸ்பத்திரியின் எல்லாக் கமிட்டியிலும் உறுப்பினர். கமிட்டி அறைச் சாவி அவரிடம் இருக்கிறது.

எதிரே டாக்டரம்மா. மடியில் ஃபிளாஸ்க். மூடியை முறுக்காமல் சும்மா மேலே வைத்திருந்தார். அதன் ஓரத்தில் மெல்லிசாக ஆவி வந்தது.

"அது என்ன?" என்றார் கண்காணிப்பாளர்.

"டீ சார்."

"எங்களுக்கு?"

"தாங்க மாட்டீங்க சார்."

கண்காணிப்பாளர் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். விரல் உயர்ந்தே இருந்தது. "வந்ததுமே ஆட்சேபணையா?"

"இல்ல சார், ரத்தம்..."

"ரத்தம் சிந்தவும் தயார்ங்கறார். எழுதிக்குங்க."

"சார், எனக்கு மருதான் எடுக்கணும். இதோ பாருங்க, விரல்ல!"

மொழி அலுவலர் புன்னகைத்தார். அறியாதவர்களிடம் அறிந்தவர்கள் காட்டும் புன்னகை. "தோல்ல வர்ற மருவுக்குப் புள்ளி கிடையாது. சீட்டுல புள்ளி இருக்கு. அதனால உங்க விரல்ல இருக்கறது நம்ம ஆவணத்துல இல்லை. அது என்னன்னு பின்னாடி ஒரு கமிட்டி போட்டுப் பார்த்துக்கலாம்."

"புள்ளிதானா? ஈ உக்காந்த தடமா இருக்கப் போகுது" என்றார் பொறியாளர்.

நியாயமான சந்தேகம். தோல் பிரிவிலிருந்து மச்சம் பார்க்கும் லென்ஸ் வரவழைக்கப்பட்டது. சீட்டை மேசையில் கிடத்தினார்கள். மொழி அலுவலர் குனிந்தார். அவருடைய கண்ணாடி, இம்மியும் நழுவாமல், மூக்கில் கம்பீரமாக நின்றது.

"ஓரம் சீரா இருக்கு. நிறம் ஒரே மாதிரி. சுத்திப் பரவலை. சந்தேகமே இல்லை சார், புள்ளி."

கண்காணிப்பாளர் டாக்டரம்மாவைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லை சார்."

"இப்படித்தான் எல்லாரும் ஆரம்பத்துல ஒண்ணுமில்லைம்பாங்க." அவர் எழுந்து நின்றார். பேச்சு வரப்போகிறது என்பதற்கு அடையாளமாகப் பொறியாளர் கண்ணை மூடிக்கொண்டார். கேனில் புகை முன்பைவிட மெலிந்திருந்தது.

"நான் இந்த நாற்காலிக்கு வந்ததுலேருந்து, போறேன்னு வந்து நின்ன ஒருத்தரையும் போக விட்டதில்லை. குடும்பம் வேற ஊர்லம்பாங்க. உடம்புக்கு முடியலைம்பாங்க. மனு மேல மனு போடுவாங்க. நான் அதுமேல உக்காந்துக்குவேன். ஏன்? போகணும்னு நெனைக்கறவங்களைப் புடிச்சு வைக்கணும். இருக்கணும்னு நெனைக்கறவங்களைத் தூக்கணும். அப்பத்தான் ரெண்டு பேருக்கும் மேல ஒருத்தன் இருக்கான்னு தெரியும். அதுக்குப் பேர்தான் நிர்வாகம். நோயாளி எதுக்கு வர்றான்னு பார்க்கறது நம்ம வேலை இல்லை. நம்மகிட்ட என்ன இருக்கோ அதுக்குத்தான் அவன் வந்திருக்கணும்..."

"சார்!" கண்ணாடிக்காரர் அலறினார். "கேன் சார்! கொறையுது சார்!"

கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார். "என்னய்யா இது? வரும்போது நெறைய இருந்துச்சே?"

"காத்தாப் போயிடும் சார்" என்றார் புகை.

"யாரோட அனுமதில?"

"அதுவாப் போகும் சார்."

"சாட்சிப் பொருள் அதுவாப் போகுமா? உடனே மூடு. அரக்கு வெச்சு முத்திரை போடு."

"இறுக்கி மூடினா வெடிச்சிடும் சார்."

"வெடிக்கறதுக்கும் நான் அனுமதி குடுக்கலியே!"

பொறியாளர் கண்ணைத் திறந்தார். தன் நாற்காலியை ஓசைப்படாமல் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கட்டடத்துக்கு ஏதாவது ஆனா அதுக்குத் தனிக் கமிட்டி வேணும் சார். எனக்கு இன்னைக்கு நேரமில்லை."

முத்திரையா, வெடியா என்ற விவாதம் நடந்தது. விவாதத்தில் இரண்டு பக்கமும் நல்ல கருத்துகள் வந்தன. கேன் எதற்கும் காத்திருக்கவில்லை.

கண்ணாடிக்காரரின் பையில் போன் துடித்தது. மனைவி.

"என்னங்க, ஆச்சா? அந்த மச்சான் உங்க ஸ்டூலுக்கு மெத்தை வாங்கிட்டு வந்துட்டானாம். பக்கத்துக் கடை அக்கா சொல்றாங்க."

"இரு, இரு. ஓட்டுக்கு விடப் போறாங்க போல."

"மருவுக்கு எதுக்குங்க ஓட்டு?"

அவர் பதில் சொல்வதற்குள் கண்காணிப்பாளர் மேசையைத் தட்டினார். "சரி, முடிச்சுடலாம். மரு. நீக்கத்துக்கு ஆதரவா இருக்கறவங்க கை தூக்கலாம்."

கண்காணிப்பாளர் தலைவர், எனவே தூக்கவில்லை. மொழி அலுவலர் எழுதும் கையைத் தூக்க முடியாது. பொறியாளரின் ஒரு கை கதவின் கைப்பிடியில், இன்னொரு கை சாவியில். அறை முழுக்க உயர்ந்திருந்தது ஒரே ஒரு விரல்தான்.

கண்ணாடிக்காரருக்கு உறைத்தது. பதறி விரலை இறக்கப் போனார்.

"விரலை இறக்காதீங்க!"

அதட்டியது டாக்டரம்மா. அதுவரை வாய் திறக்காதவர் அப்படிக் கத்தியதில் விரல் தானாக விறைத்து நின்றது. "ரத்தம் வரும்" என்று அவர் தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டார்.

"ஏகமனதாக!" என்றார் கண்காணிப்பாளர்.

உத்தரவு எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. மரு. நீக்கப்பட்டாரா, நீக்கப்பட்டதா? மொழி அலுவலர் ஆழ்ந்து யோசித்தார்.

"நீக்கினதுக்கு அப்புறம் மரியாதை எதுக்கு சார்? 'து' போதும்."

அப்படியே ஆயிற்று. *மரு. நீக்கப்பட்டது.* கண்காணிப்பாளர் கையெழுத்து. முத்திரை. ஒரு பிரதி டாக்டரம்மாவுக்கு. ஒரு பிரதி புகார்தாரருக்கு. புகை கேனைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டும் இல்லை.

"அடுத்த வாரம் வாங்கண்ணே" என்றார். "ஆனா வெக்கறதுக்கு டாக்டரம்மாதான் இருக்க மாட்டாங்க."

படியில் இறங்கும்போது கண்ணாடிக்காரர் உத்தரவைப் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினார். ஒரு நப்பாசை. முதலாளி உடனே கூப்பிட்டார்.

"காகிதத்துல நீக்கிட்டாங்க. சரி. விரல்ல?"

அந்த ஊரில் அன்று யாராவது ஒரு சரியான கேள்வி கேட்டார்கள் என்றால் அது அவர்தான். கண்ணாடிக்காரர் விரலைப் பார்த்தார். போனை வைத்துவிட்டார். உடனே மனைவி.

"என்னங்க, எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"வலிச்சுதா?"

"எனக்கு இல்ல."

வெளியே பஸ் நிறுத்தத்தில் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பை. மடியில் ஃபிளாஸ்க். கண்ணாடிக்காரருக்கு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. கால் கேட்கவில்லை. போய் எதிரே நின்றார். விரலை என்ன செய்வதென்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"அம்மா... நான் வந்தது இதுக்கு. இந்தச் சனியனுக்கு. உங்க வேலைக்கு நான் உலை வெச்சுட்டேனே..."

"உக்காருங்க. விரலைக் காட்டுங்க."

"எதுக்கும்மா, அதான் கேன் காலியாயிடுச்சே."

டாக்டரம்மா ஃபிளாஸ்க்கின் மூடியை எடுத்தார். வெள்ளைப் புகை வழிந்து, பெஞ்சின் விளிம்பில் கொஞ்சம் தயங்கி, தரையில் குதித்தது.

"டீன்னு சொன்னீங்க..."

"நீங்க முத்திரைக்கு ஓடினப்பவே எடுத்து வெச்சுட்டேன். எப்படியும் காத்தாப் போறதுதானே." பையிலிருந்து பஞ்சு சுற்றிய குச்சியை எடுத்து உள்ளே முக்கினார். "எரியும். கையை இழுக்காதீங்க."

எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. மரு சாம்பல் நிறத்துக்கு மாறி, பிறகு வெளுத்து, அதைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் விழுந்தது. டாக்டரம்மா குச்சியை எடுத்து, நிதானமாக முக்கியெடுத்து, மறுபடியும் வைத்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முத்திரை எதுவும் இல்லாமலே மரு உறைந்தது.

"கொப்புளம் வரும். உடைக்காதீங்க. அப்புறம் கறுத்து உதிரும். உங்க முதலாளிகிட்ட நாளைக்கு இதைக் காட்டுங்க, போதும்."

கண்ணாடிக்காரர் விரலை ஊதப் போனார். "ஊதாதீங்க" என்றதும் நிறுத்தினார்.

"திரும்ப வந்துட்டா?"

"யாரு, நானா? வர மாட்டேன்."

"மருவைக் கேட்டேம்மா."

"நானும் அதைத்தான் சொல்றேன்." டாக்டரம்மா சிரித்தார். கையில் இருந்த உத்தரவைப் பிரித்துப் பார்த்தார். "மரு. நீக்கப்பட்டது. கையெழுத்து, முத்திரை. இதைக் காட்டினா எந்த ஊர்லயும் அனுபவச் சான்றிதழ்னு எடுத்துப்பாங்க."

இவ்வளவு சந்தோஷமாக வேலை இழந்தவரைக் கண்ணாடிக்காரர் பார்த்ததில்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அம்மா, அந்தப் புள்ளி... பேனா தவறிப் பட்டுடுச்சா?"

டாக்டரம்மா ஆஸ்பத்திரிக் கட்டடத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"என் பொண்ணு வேற ஊர்ல அவ அப்பாகூட இருக்கா. என்னை 'போன் அம்மா'ன்னு கூப்பிடறா. விடுவிச்சுடுங்கன்னு எத்தனை மனு போட்டேன்னு எனக்கே மறந்து போச்சு. எல்லாத்து மேலயும் அந்த மனுஷன் உக்காந்துக்கிட்டாரு. போறேன்னா விட மாட்டாங்க. யாராவது நீக்குன்னாத்தான் நீக்குவாங்க. அதனால, ஒவ்வொரு சீட்டுலயும் 'மரு'ன்னு எழுதிட்டு ஒரு புள்ளி வெச்சேன்."

"ஒவ்வொரு சீட்டுலயுமா?"

"எத்தனையோ மாசமா. வாராவாரம் பையையும் கட்டி எடுத்துட்டு வருவேன். எல்லாச் சீட்டும் மொழி அலுவலர்கிட்ட போகும், முத்திரையோட திரும்பி வரும். நானும் மருவை எடுத்துட்டு, பையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போவேன். அந்த ஆளுக்குப் புள்ளி கண்ணுலயே படலை." பஸ் வந்து நின்றது. டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு படியில் ஏறினார். திரும்பிப் பார்த்தார். "இன்னைக்குத்தான் எந்தப் புண்ணியவானோ அவரு கண்ணாடியைச் சரி பண்ணிக் குடுத்திருக்கான்."

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார்.

விரலைத் தூக்கினார்.